பொட்டலில் மேளம், கம்பத்தில் குழாய்: விளையாட்டுக் களத்தில் இசைக்கு என்ன வேலை?

தை மாதத்தில் சிவகங்கை மாவட்டத்துக் குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் சிராவயலை நெருங்குகிறவர்களுக்கு, மஞ்சுவிரட்டுப் பொட்டல் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. அந்த ஒலியைச் சற்றுப் பிரித்துக் கேட்டால் அதில் இரண்டு இழைகள் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் தலைப்பாகை கட்டி, மாடுகளுக்குச் சாத்த வேண்டிய ஜவுளியை ஏந்தி, தொழுவை நோக்கி நடந்து வரும்போது அவர்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டு வரும் மேளம் ஒன்று. கம்பங்களில் கட்டிய குழாய் ரேடியோ என்ற கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து காலை முதல் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் பதிவுப் பாட்டு மற்றொன்று. இரண்டையும் சேர்த்து விழாச் சத்தம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மேளக்காரருக்குக் களம் தெரிகிறது, குழாய்க்குத் தெரிவதில்லை. விளையாட்டுப் போட்டிகளில் இசை என்ன வேலை செய்கிறது என்று ஆராய்வதற்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும் என்பது என் எண்ணம்.

களத்து இசைக்கு வேலையைக் கொண்டே பெயர் வைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. அகப்பொருள் இலக்கணம் ஐந்திணைகளுக்கும் கருப்பொருள் வகுக்கும்போது ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறையையும் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை. ஏறுகோட்பறை என்பது காளையைப் பற்றும் பொழுதில் முழங்கும் பறை. கருவியின் வடிவத்தையோ அது செய்யப்பட்ட மரத்தையோ அல்லாமல், அது எந்த நேரத்தில் எதற்காக ஒலிக்கிறது என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. பறைதல் என்ற வினைக்கே சொல்லுதல் என்பதுதான் பொருள். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவல் முடிந்த பின் ஆயர்கள் குரவை ஆடுகிறார்கள். போட்டியின் போது ஓர் ஒலி, போட்டி முடிந்த பின் வேறோர் ஒலி என்ற ஒழுங்கு அங்கேயே இருக்கிறது. இன்றும் பறையடிக்கிறவர்கள் அடிகளை வேலையைக் கொண்டே அழைக்கிறார்கள். திருவிழாவை ஊருக்கு அறிவிப்பது சாமிச்சாட்டு அடி, சப்பரத்தோடு போவது சப்பரத்து அடி, சாமி வந்து ஆடுகிறவருக்கு அடிப்பது மருள் அடி. ஊரார் வீட்டுக்குள் இருந்தபடியே, எந்த அடி ஒலிக்கிறது என்பதைக் கொண்டு வெளியே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வார்கள்.

மஞ்சுவிரட்டில் இந்த அறிதல் எவ்வளவு முக்கியம் என்பது, வாடிவாசல் ஜல்லிக்கட்டை மட்டும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்காது. ஜல்லிக்கட்டில் மாடு ஒரே வாசலிலிருந்து வருகிறது. வீரர்களும் பார்வையாளர்களும் அந்த வாசலை நோக்கி நிற்கிறார்கள். காளையின் திமிலைப் பற்றிக்கொண்டு 15 மீட்டர் தூரம், அல்லது 30 வினாடி, அல்லது மூன்று துள்ளல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் எல்லையும் வகுத்திருக்கின்றன. எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து அவிழ்க்கப்படும் மாடுகளோடு கட்டுமாடுகளும் உண்டு. கட்டுமாடு என்பது சுற்றியுள்ள வயலிலும் பொட்டலிலும் உரிமையாளர் விரும்பிய இடத்தில் அவிழ்த்துவிடும் மாடு. ஆகவே மாடு முன்னாலிருந்தும் வரலாம், முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரலாம். அப்படிப்பட்ட பரந்த வெளியில் நிற்கிறவனுக்குக் கண்ணைவிடக் காதே முதல் காவல். மாட்டின் கழுத்துச் சலங்கை, அதை விரட்டி வரும் கூட்டத்தின் கூச்சல், மண்ணில் குளம்பு படும் ஓசை ஆகியவை எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று அவன் கணத்தில் கணிக்க வேண்டும். அந்த ஓசைகளின் மீது உச்ச அளவில் ஒரு பதிவுப் பாட்டை ஏற்றி வைத்தால், கொண்டாட்டத்தின் பெயரால் அவனுடைய காவலைப் பறித்துவிடுகிறோம்.

சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள அரளிப்பாறையில் மாசி மகத்தன்று நடக்கும் மஞ்சுவிரட்டை, பாறைச் சரிவில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். இயற்கையே கட்டிக்கொடுத்த பார்வையாளர் மேடை அது. மேலே உட்கார்ந்து கீழே பார்க்கும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. அடிக்கும் குச்சி தோலில் படுவதைக் கண் பார்த்த பிறகு, சற்றே தாமதமாகத்தான் அந்த அடி காதுக்கு வருகிறது. வெயில் நேரத்துக் காற்றில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் செல்லும். பொட்டலின் இரு முனைகளில் 350 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்களைக் கட்டினால், ஒன்றின் அடியில் நிற்பவருக்கு மற்றதன் பாட்டு ஒரு வினாடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தாள அடிகள் கொண்ட பாட்டாக இருந்தால் இரண்டு அடி பின்தங்கும். பாட்டின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்புவதற்கும், அறிவிப்பாளர் சொல்லும் பெயர் பாதி பேருக்குப் புரியாமல் போவதற்கும் இதுவே முதற்காரணம். ஒலிப்பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இதற்குத் தரும் தீர்வு ஒலியைக் கூட்டுவதாகவே இருக்கிறது. அது குழப்பத்தையும் சேர்த்தே கூட்டுகிறது.

மேளக்காரர்கள் இந்தச் சிக்கலை நடந்தே தீர்த்துவிடுகிறார்கள். எந்தக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டுமோ அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒலி செல்கிறது. ஓரிடத்திலிருந்து எல்லாத் திசைக்கும் எறியப்படுவதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், அருகில் இருப்பவருக்கு முழுமையாகவும் தொலைவில் இருப்பவருக்கு மெல்லிய செய்தியாகவும் அது சேர்கிறது. மின்சாரமே இல்லாத காலத்தில் ஒரு பொட்டலை நிரப்புவதற்கென்றே செய்த கருவிகள் அவை. நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தில், மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பாகக் கடையப்படுகிறது. இரட்டை நாணலாகிய சீவாளியின் அதிர்வை அந்தக் கூம்பும் அதன் முனையிலுள்ள அணைசு என்ற விரிந்த வாயும் சேர்ந்து வெளிக்கு எடுத்துச் செல்கின்றன. பலா மரத்தில் குடைந்த தவிலின் ஒரு முகத்தைக் கெட்டிப்பட்ட கூடுகள் மாட்டிய விரல்களும் மறு முகத்தைக் குச்சியும் தாக்குகின்றன. வேறெந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் விரலில் அவ்வளவு கடினமான கூட்டை மாட்டிக்கொள்ள மாட்டார். பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்குவதும், உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைப்பதும் இதே தேவையிலிருந்து வந்தவை.

இந்தக் கருவிக் குடும்பம் உலகின் வேறு களங்களிலும் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. துருக்கியின் எதிர்னே நகரில் நடக்கும் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தத்தில் தாவுல் என்ற பெருமேளமும் சுர்னா என்ற இரட்டை நாணல் குழலும் சேர்ந்து வாசிக்கப்படுகின்றன. அந்த விழா 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தாய்லாந்தின் மரபுக் குத்துச்சண்டையில் பி சவா என்ற குழல், ஒரு சோடி முழவு, சிங் என்ற சிறு தாளம் ஆகியவற்றைக் கொண்ட குழு வளையத்தின் அருகில் அமர்ந்து வாசிக்கிறது. சண்டைக்கு முன் வீரர் தன் ஆசானை வணங்கி ஆடும்போது இசை நிதானமாக நடக்கிறது. சுற்றுகள் தொடங்கிய பின் அது விரைகிறது; ஐந்து சுற்றுகளில் கடைசிச் சுற்றை நெருங்க நெருங்க வேகம் ஏறுகிறது. வாசிப்பவர்களின் கண் வளையத்திலேயே இருக்கிறது. சண்டை தளர்ந்தால் தூண்டுவார்கள், சூடு பிடித்தால் தாங்களும் சூடு பிடிப்பார்கள். பாட்டையும் சண்டையையும் தனித்தனியே பிரித்துவிட்டால் இரண்டுமே குறைபட்டுப்போகும் என்ற அளவுக்கு அவை பின்னியிருக்கின்றன.

காளை விளையாட்டு என்றதும் நினைவுக்கு வருவது ஸ்பெயின். அங்கே காளையைக் கொல்கிறார்கள். எங்கள் களத்தில் அது விழுந்தால்கூட ஊர் பதறும் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இசையைக் கையாளும் முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது. நிகழ்ச்சியின் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதை எக்காளமும் முரசும் அறிவிக்கின்றன. வீரரின் ஆட்டம் சிறந்திருந்தால் மட்டுமே, நடுவில், இசைக்குழு பாசோடோப்ளே என்ற நடையை வாசிக்கத் தொடங்குகிறது. அதாவது இசை அங்கே ஒரு மதிப்பெண், சம்பாதிக்கப்பட வேண்டியது. மத்ரித் நகரின் லாஸ் வெந்தாஸ் அரங்கில் அந்தக் கட்டத்தில் இசையே வாசிப்பதில்லை. பார்ப்பவரின் கவனம் சிதறக் கூடாது என்று கருதும் ஒரு பெரிய அரங்கம், மௌனத்தையும் இசையின் ஒரு பகுதியாகவே நடத்துகிறது.

பதிவுப் பாட்டும் ஒலிபெருக்கியும் வந்த பிறகு நிலைமை எப்படி மாறியது என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் திடல்கள் நல்ல சாட்சி. 1941 ஏப்ரல் 26 அன்று சிகாகோவின் ரிக்லி திடலில் ஓர் ஆர்கன் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. வாசிக்கப்பட்ட பாடல்கள் வானொலி உரிமைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், ஆட்டத்தின் ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டியிருந்தது; களத்து இசையும் காப்புரிமையும் மோதிக்கொள்வது புதிய செய்தியன்று. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் எபெட்ஸ் திடலுக்கும் ஓர் ஆர்கன் கலைஞர் வந்தார். சிகாகோவின் மற்றோர் அணியான ஒயிட் சாக்ஸ் திடலில் நான்சி ஃபாஸ்ட் என்ற கலைஞர் 1970 முதல் 2010 வரை வாசித்தார். ஆட்டக்காரரின் பெயருக்கும் ஊருக்கும் அப்போது நடந்த நிகழ்வுக்கும் பொருந்தும் வரியை நொடியில் எடுத்து வாசிப்பதே அவருடைய புகழுக்குக் காரணம். எங்கள் ஊர் நாகஸ்வரக்காரர், வந்திருக்கும் விருந்தாளியைக் கண்டதும் வாசித்துக்கொண்டிருப்பதை மாற்றி அவருக்குப் பிடித்த கீர்த்தனையை எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. பல திடல்களில் இன்று அந்த இடத்தில் முன்பே வெட்டித் தொகுத்த பத்து வினாடிப் பாட்டுத் துண்டுகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்துகிறவரும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அழுத்துகிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவரிடம் உள்ள துண்டுகளின் எண்ணிக்கைக்குள்தான் அவருடைய பதில் அடங்கும்.

பதிவு என்றாலே பழுது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு அரங்கில் 1960களின் தொடக்கத்தில், அந்த வாரத்தின் புகழ்பெற்ற பாடல்களை ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் போடுவார்கள். பார்வையாளர்கள் கூடவே பாடுவார்கள். 1945இல் ஓர் இசைநாடகத்துக்காக எழுதப்பட்டு, 1963இல் அந்நகரத்துக் குழு ஒன்றின் பதிவாக மீண்டும் புகழ்பெற்ற பாடல் ஒன்று அப்படி ஒலித்தது. பட்டியலிலிருந்து அது இறங்கிய பிறகும் கூட்டம் அதை விடவில்லை. பெட்டியில் வந்த பாட்டு, ஆயிரக்கணக்கான தொண்டைகளுக்கு இடம் மாறியதும் உயிர்பெற்றுவிட்டது. எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒலித்த வுவுசெலா, மனிதர்கள் நேரில் ஊதியதுதான். ஆனால் அதிலிருந்து ஏறத்தாழ 233 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே ஒரு சுரம்தான் வந்தது. கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் அது மாறவில்லை. ஆட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாத அந்த ஒலி, பதில் சொல்லக்கூடிய மற்ற ஆரவாரங்களையும் மூடிவிட்டது. தொலைக்காட்சி நிலையங்கள் அதை வடிகட்ட வழி தேடின. ஐரோப்பிய கால்பந்துக் கூட்டமைப்பு அதே ஆண்டில் தன் போட்டிகளில் அதைத் தடை செய்தது. ஆகவே நேரில் வாசிக்கப்படுவதும் பதிவிலிருந்து வருவதும் மட்டுமே அளவுகோல் ஆகா. ஒலி களத்தைக் கேட்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டிலிருந்து சேப்பாக்கத்துக்கு ஒரு கோடு போகிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழிசைக்காக 1943இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைத்தான் அந்தக் கிரிக்கெட் மைதானம் தாங்கியிருக்கிறது. ஐபிஎல் போட்டிகளின் போது அங்கே பந்துக்கும் பந்துக்கும் இடையே, ஓவருக்கும் ஓவருக்கும் இடையே, உத்திக்கான இரண்டரை நிமிட இடைவேளையில் என்று இசை புகுத்தப்படாத இடமே இல்லை. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது பாட்டு வெட்டி நிறுத்தப்படுகிறது. கிரிக்கெட்டின் உடலமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. சில வினாடி ஆட்டமும் அதைவிட நீண்ட காத்திருப்பும் மாறி மாறி வரும் விளையாட்டு அது. அந்தக் காத்திருப்பில்தான் முன்பு அருகில் இருப்பவரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இருந்தும் அந்த அரங்கத்தின் அடையாள ஒலியாக நின்றது பெட்டியிலிருந்து வந்த எதுவும் அன்று. இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து மக்கள் எழுப்பும் விசில். கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, கடல் கடந்து போன நம்மவர்கள் நன்கறிந்த இலங்கையில், பள்ளிகளுக்கிடையிலான பெரும் கிரிக்கெட் ஆட்டங்களில் எக்காளமும் மேளமும் கொண்ட பாப்பரே குழுக்கள் பார்வையாளர் நடுவில் நின்று வாசிப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

இசை உண்மையில் ஆட்டக்காரரின் உடலில் ஏதாவது செய்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை ஆர்வமூட்டுவது. 1911இல் லியோனார்டு ஏர்ஸ் என்பவர், நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில் இசைக்குழு வாசிக்கும்போதும் வாசிக்காதபோதும் ஓட்டிகளின் வேகத்தைக் கணக்கிட்டார். வாசிக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 31.5 கிலோமீட்டர், வாசிக்காதபோது 28.8. இசைக்குழு வாசிக்கும் நேரத்தில் கூட்டத்தின் ஆரவாரமும் மிகுந்திருக்கும் என்பதால் முழுப் பெருமையையும் இசைக்கே தர நான் தயங்குவேன். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்காமில் உள்ளரங்க 2000 மீட்டர் உலகச் சாதனையை, தனக்குப் பிடித்த வேகமான பாட்டை ஒலிக்கவிட்டு அதன் தாளத்தோடு ஓடி நிகழ்த்தினார். இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்துவரும் காஸ்டாஸ் கரஜார்ஜிஸின் முடிவுகள் ஒரு முக்கியமான எல்லையைக் காட்டுகின்றன. மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது. உழைப்பு உச்சத்தை எட்டியதும் உடலின் வலியும் மூச்சும் கவனத்தை முழுவதும் இழுத்துக்கொள்வதால், களைப்பை மறைக்கும் அந்த ஆற்றல் இசைக்கு இல்லாமல் போகிறது. அதாவது மாட்டின் திமிலைப் பற்றியிருப்பவனுக்குப் பாட்டு காதில் விழுவதே இல்லை என்று வீரர்கள் சொல்வது மிகையன்று. போட்டியின் உச்சக் கணத்தில் ஒலிக்கும் இசை பார்ப்பவருக்கானது. ஆடுபவருக்கு அது உதவுவதில்லை.

மாட்டுக்கு? இதை நாம் போதுமான அளவு கேட்பதில்லை. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 2,000க்கும் 5,000க்கும் இடையில் அது மிகக் கூர்மை. மாட்டின் செவி ஏறத்தாழ 35,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். அதன் கூர்மை 8,000க்கு அருகில். குழாய் ரேடியோவின் அமைப்பு அடித்தொனியை வெட்டிவிட்டு, இடைத்தொனியையும் கீச்சுத் தொனியையுமே தொலைவுக்கு அனுப்புகிறது. மைக் கூவும்போது நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். அருகில் கட்டியிருக்கும் காளைக்குப் பொத்திக்கொள்ளக் கையில்லை. பறையின் தாழ்ந்த அதிர்வைவிட உலோகம் உரசுவதுபோன்ற கூர்ந்த ஒலியே அதை அதிகம் மிரளச் செய்யும் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. நீண்ட வடத்தில் கட்டிய காளையை ஒன்பது பேர் கொண்ட குழு வட்டத்துக்குள் நின்று அடக்க முயலும் வடமாடு மஞ்சுவிரட்டில் இது இன்னும் கடுமை. அங்கே மாடு ஒலியிலிருந்து விலகி ஓடவும் முடியாது. ஒலிபெருக்கிகளை மாடுகள் காத்திருக்கும் இடத்திலிருந்து தள்ளி, பார்வையாளர் பக்கம் திருப்பிக் கட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை. கயிற்றை அவிழ்த்து வேறு கம்பத்தில் கட்ட வேண்டும், அவ்வளவே.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் இந்தத் தொல்லை குறைவு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று வகை பிரித்து நடக்கும் அந்தப் பந்தயம் சாலையில் பல கிலோமீட்டர் நீள்வதால், ஒலிபெருக்கியை எல்லைக்கோட்டருகே மட்டுமே வைக்க முடியும். வழி முழுவதும் சாரதியின் அதட்டலும் சக்கரத்தின் கடகடப்பும்தான் இசை.

மேளத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதை அடித்தவர்களை ஊர் எங்கே நிறுத்தியது என்பதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. பறையடித்தல் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களின் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. திருவிழாவின் தொடக்கத்தை அறிவித்த கையே, அதே விழாவில் மரியாதை வாங்கும் வரிசையில் இடம்பெறவில்லை. அந்த இழிவை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்களுக்கு அதற்கான எல்லா நியாயமும் இருந்தது. பின்னர் அதே கருவியைத் தன்மானத்தின் குரலாகக் கையில் எடுத்து மேடையேற்றியவர்களுக்கும் அதே நியாயம் உண்டு. ஆகவே குழாய் ரேடியோ மேளத்தின் இடத்தைப் பிடித்ததற்குச் செலவு மட்டும் காரணமன்று; மேளக்காரரை மதித்து அழைக்கவும் உரிய கூலி தரவும் மனமில்லாத ஊர்களுக்கு, வாடகைக்குக் கிடைக்கும் பெட்டி வசதியாகப் போய்விட்டது என்பதும் ஒரு காரணம். களத்தை அறிந்து அடிக்கும் கலைஞர் வேண்டுமென்றால், மாட்டுக்கும் வீரருக்கும் அறிவிக்கும் பரிசுகளோடு அவருடைய ஊதியமும் துண்டறிக்கையில் அச்சாக வேண்டும்.

சட்டமும் இதில் நுழைகிறது. பதிவுப் பாடல்களைப் பொது நிகழ்ச்சியில் ஒலிக்கவிட 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி உரிமம் தேவை. உண்மையான மதச் சடங்குகளுக்கும் திருமணத்துக்கும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கோயில் திருவிழாவின் பகுதியாக நடக்கும் மஞ்சுவிரட்டையும், நுழைவுக் கட்டணமும் விளம்பரப் பலகையும் உள்ள கபடிப் போட்டியையும் இந்த விலக்கு ஒரே மாதிரி பார்க்காது என்பதை ஏற்பாட்டாளர்கள் நினைவில் வைப்பது நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் விதித்திருக்கின்றன.

கபடி என்றதும் இசையோடு அதற்குள்ள உறவைத் தனியே சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளில் பாட்டு வெளியிலிருந்து வருகிறது. இதில் பாட்டே விதி. எதிரணியின் எல்லைக்குள் போகிறவரை நாம் பாடிப்போகிறவர் என்றுதான் சொல்கிறோம். முன்பு சடுகுடு ஆடியவர்கள் பாட்டன் பெயரையும் வெள்ளிப் பிரம்பையும் வைத்துக் கட்டிய அடிகளை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போவார்கள். மூச்சு அறுந்தால் ஆட்டம் போயிற்று. பிறகு அந்தப் பாட்டு ‘கபடி, கபடி’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கியது. ஒருவர் பாடிப்போவதற்கு 30 வினாடி என்ற வரம்பும் வந்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி போட்டிகள் அந்த விளையாட்டைப் பெரிய திரைக்குக் கொண்டுசென்றன; அதற்காக நான் மகிழ்கிறேன். ஆனால் அந்த அரங்கங்களின் இசை வெள்ளத்தில் பாடுவது கேட்பதே இல்லை. நடுவர் அருகில் வந்து வாயைப் பார்த்தே கணிக்க வேண்டியிருக்கிறது. அதைக் கண்ட எங்கள் ஊர்ப் போட்டிகளும் அதே முறையைப் பிடித்துக்கொண்டன. எல்லைக்குள் கால் வைத்ததும் பெட்டி முழங்குகிறது.

சென்ற ஆண்டு, காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த கபடிப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். அரையிறுதி நடந்துகொண்டிருந்தபோது மணி பத்தானது. ஏற்பாட்டாளர் ஒருவர் எழுந்து போய் ஒலிப்பெட்டியை அணைத்தார். காது பழகுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மண்ணில் கால் தேயும் ஓசை கேட்டது; பிடிக்கக் காத்திருந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட ஒற்றைச் சொற்கள் கேட்டன; பாடிப்போன பையனின் ‘கபடி, கபடி’ கடைசி வரிசை வரை வந்தது. அவன் கோட்டை நெருங்க நெருங்க அந்தச் சொல் மெலிந்து, வெறும் மூச்சாகி, கோட்டைத் தொட்ட பிறகே நின்றது.